தர்க்கம் எதன் மேல் நிற்கிறது? கடவுள் விவாதத்தில் வரும் ஒரு வாதம்

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். ஒருவர் இவ்வளவு பெரிய உலகம் தானாகவா வந்தது என்பார், இன்னொருவர் அப்படியானால் ஒன்றும் அறியாத குழந்தைக்குப் புற்றுநோய் எதற்கு என்பார், அப்புறம் இரண்டு பக்கமும் குரல் ஏறும், யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்கள். இந்தத் தடத்துக்கே வராத ஒரு வாதம் உண்டு. அது கடவுளுக்குச் சாட்சி எதையும் தேடாது, எதிராளி நிற்கும் இடத்தையே கேள்வி கேட்கும். "நீ இப்போது என்னோடு வாதாடுகிறாய். வாதாடத் தர்க்கம் வேண்டும். கடவுள் இல்லாவிட்டால் தர்க்கத்துக்கே இடமில்லை. ஆகவே கடவுள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தபோதே நீ அவரை ஏற்றுக்கொண்டுவிட்டாய்."

முதல் தடவை கேட்பவருக்கு இது மூச்சு முட்டும். நானே இதை ஒருவனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் பொங்கல் விடுமுறையில், ஊரில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த சித்தி மகன் தனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னான். அவன் சண்டைக்கு வரவில்லை, மனசில் கிடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். நான் இந்த வாதத்தை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "எனக்குப் பதில் தெரியலண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம் என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நான் இன்றும் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அந்த வாதத்தின் தலையில் அன்று நான் ஏற்றிய சுமையை அது தாங்காது என்பது படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. அதே நேரம், பல நாத்திக நண்பர்கள் நினைப்பதுபோல் அது வெறும் வார்த்தை ஜாலமும் கிடையாது. அதற்குள் ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியையும், அதிலிருந்து அவசரப்பட்டு எடுக்கும் முடிவையும் பிரித்துக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வாதத்தை இன்றைய வடிவில் பரப்பியவர்கள் அமெரிக்கக் கிறிஸ்தவ இறையியலாளர்கள். பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியில் நீண்ட காலம் கற்பித்த கார்னீலியஸ் வான் டில் இதற்கு அடித்தளம் போட்டார். அவர் வழியில் வந்த கிரெக் பான்சன் 1985ல் கலிபோர்னியாவில், இர்வைன் பல்கலைக்கழக வளாகத்தில், கார்டன் ஸ்டைன் என்ற நாத்திகரோடு மேடையேறினார். கடவுளுக்கு வழக்கமாகச் சொல்லும் நிரூபணங்களுக்கெல்லாம் ஸ்டைன் பதில் தயாராக வைத்திருந்தார். பான்சன் அவற்றைக் கையிலேயே எடுக்கவில்லை. தர்க்க விதிகள் என்று ஒன்றை இருவரும் பயன்படுத்துகிறோமே, அவை என்ன, பொருளா, அவற்றைத் தொட முடியுமா, நீங்கள் சொல்லும் உலகத்தில் அவற்றுக்கு எங்கே இடம் என்று கேட்டார். அவை மனிதர்கள் ஒத்துக்கொண்ட மரபுகள் என்ற திசையில் ஸ்டைன் பதில் சொன்னார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். அந்த ஒலிப்பதிவு இன்றும் சுற்றிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பகுதிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏன் மாட்டிக்கொண்டார்? மரபு என்றால் மாற்றக்கூடியது. சாலையில் இடப்பக்கம் போவது மரபு. சுவீடனில் 1967 செப்டம்பர் 3ஆம் தேதி விடியற்காலையில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறினார்கள், அடுத்த நாளும் பால் வந்தது, பஸ் ஓடியது. இப்போது அதே சுவீடன் பாராளுமன்றம் "இனிமேல் ஒரு வண்டி ஒரே நேரத்தில் வலப்பக்கமும் போகலாம், வலப்பக்கம் போகாமலும் இருக்கலாம்" என்று சட்டம் போட்டால் என்ன ஆகும்? ஓட்டுநர் எதைச் செய்தால் அதற்குக் கீழ்ப்படிந்ததாகும் என்றே சொல்ல முடியாது. சட்டம் நிறைவேறியது என்று அறிவிப்பதற்கே, நிறைவேறியதும் நிறைவேறாததும் ஒன்றில்லை என்பது ஏற்கெனவே தேவைப்படுகிறது. ஆக, தர்க்கத்தைச் சாலை விதியோடு சேர்த்துக் கட்டுவது பொருந்தாது. இந்த அளவில் பான்சன் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை நாத்திகர்கள் ஒத்துக்கொண்டால்தான் பேச்சு மேலே நகரும்.

இப்போது அடிப்படைக்கு வருவோம். தர்க்கத்தின் அடித்தளம் என்று சொல்லும்போது முதலில் நிற்பது முரண்படாமை விதி. ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில், ஒரே விதத்தில் ஒரு தன்மை இருக்கவும் இல்லாமல் இருக்கவும் முடியாது. தேநீர் சூடாக இருக்கிறது, சூடாகவும் இல்லை என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் இரண்டு வேறு நேரத்தைச் சொல்கிறார், அல்லது உங்கள் நாக்குக்கு ஒரு மாதிரி என் நாக்குக்கு வேறு மாதிரி என்கிறார். இரண்டும் இல்லையென்றால் அவர் எதையும் சொல்லவில்லை. இந்த விதியை நிரூபிக்க முடியுமா என்று சுமார் 2,300 வருஷத்துக்கு முன்பே அரிஸ்டாட்டில் கேட்டு, நேரடியாக முடியாது என்று ஒத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்டால் அந்த நிரூபணத்துக்கும் நிரூபணம் வேண்டும், அது முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். மறுப்பவரை மடக்க அவர் வேறு வழி சொன்னார். மறுப்பவர் பொருள் உள்ள ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும். "மனிதன்" என்று சொல்லி அதனால் மனிதனைத்தான் குறித்தார் என்றால், மனிதன் அல்லாததைக் குறிக்கவில்லை என்றாகிறது, விதி உள்ளே வந்துவிட்டது. எதையுமே சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாலோ, அவர் செடிக்குச் சமம், செடியோடு யார் வாதாடுவார்கள் என்று முடித்தார்.

பான்சனின் வாதமும் இதே சாயலில் இருப்பதைக் கவனியுங்கள். மறுப்பவன் மறுக்கும் செயலிலேயே ஏற்றுக்கொள்கிறான் என்பதுதான் இரண்டுக்கும் முதுகெலும்பு. ஒரு வித்தியாசம், அரிஸ்டாட்டில் அங்கே நிரூபிக்க நினைத்தது தர்க்க விதியை மட்டும்தான்.

சரி, விதியை ஏற்றுக்கொண்டாயிற்று. விதியிலிருந்து முடிவுக்குப் போவது எப்படி? இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு குட்டிக் கதை வருகிறது. ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த லூயிஸ் கரோல் 1895ல் ஒரு தத்துவ இதழில் எழுதியது, ஆமைக்கும் கிரேக்கக் கதை வீரன் அக்கிலீஸுக்கும் நடக்கும் பேச்சு. அவர் எடுத்தது வடிவியல் உதாரணம், நான் நம் மொட்டை மாடியை வைத்தே சொல்கிறேன். மழை பெய்தால் மாடி நனையும். மழை பெய்கிறது. ஆகவே மாடி நனைகிறது. ஆமை சொல்கிறது, முதல் இரண்டும் எனக்குச் சம்மதம், ஆனால் மூன்றாவதை நான் ஏன் ஏற்க வேண்டும்? அக்கிலீஸ் சொல்கிறான், முதல் இரண்டும் உண்மையானால் மூன்றாவதும் உண்மை, அதனால்தான். ஓ, அது நல்ல விஷயம், அதையும் நோட்டில் எழுதிக்கொள், சம்மதம் என்கிறது ஆமை. எழுதுகிறான். இப்போது நோட்டில் மூன்று வாக்கியம். ஆகவே மாடி நனைகிறது என்கிறான். இந்த மூன்றும் சம்மதம், ஆனாலும் மாடி நனைகிறது என்பதை ஏன் ஏற்க வேண்டும் என்கிறது ஆமை. மூன்றும் உண்மையானால் அது உண்மையாகத்தானே வேண்டும் என்று கத்துகிறான் அக்கிலீஸ். அதையும் எழுதிக்கொள் என்கிறது ஆமை. நோட்டு நிரம்பிக்கொண்டே போகிறது.

இதைப் பேனாவும் தாளும் வைத்து நீங்களே ஒரு தரம் எழுதிப் பாருங்கள், ஐந்தாவது வாக்கியத்தில் ஏதோ பிடிபடும். எனக்குப் பிடிபட்டது இதுதான்: முடிவுக்குத் தாவும் அந்த அடி, தாளில் எழுதிச் சேர்க்கக்கூடிய இன்னொரு தகவல் இல்லை. எத்தனை விதி எழுதினாலும் கடைசியில் ஒருவர் அதைச் செய்ய வேண்டும். நீச்சலைப் பற்றி எவ்வளவு எழுதி வைத்தாலும் தண்ணீரில் கை கால் அசைப்பது தனி வேலை என்பது போல. இதை மனதில் வையுங்கள், ஏனென்றால் "தர்க்கத்துக்கு ஆதாரம் கடவுள்" என்பதும் நோட்டில் எழுதும் ஒரு வாக்கியம்தான். ஆமை அதையும் எழுதிக்கொண்டு, சரி, சம்மதம், ஆனாலும் மாடி நனைவதை ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கும். கடவுளைச் சொல்லி ஆமையை நகர்த்த முடியாது. அணுவையும் மூளையையும் பரிணாமத்தையும் சொல்லியும் முடியாது.

இதெல்லாம் மேற்கத்திய விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். மணிமேகலை வஞ்சி மாநகரில் மாறுவேடத்தில் போய்ச் சமயவாதிகள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவாள், கடைசியில், எல்லாம் சடப்பொருளின் சேர்க்கையே என்னும் பூதவாதி நிற்பான். கண்ணால் காண்பதே அளவை, அதாவது அறிவைப் பெறும் வழி, கண்டதை வைத்துக் காணாததை அறியும் அனுமானம் செல்லாது என்பது அவன் கட்சி. மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். உன் தாயையும் தந்தையையும் அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? நாம் பிறந்ததை நாம் பார்த்ததில்லை. இவர்தான் அம்மா, இவர்தான் அப்பா என்பது எல்லோருக்கும் அனுமானத்தில் வந்த அறிவுதான். மறுப்பவனே தான் மறுப்பதைச் சார்ந்து நிற்கிறான் என்ற வாதத்தை இத்தனை சுருக்கமாகச் சொல்லும் இன்னோர் இடத்தை நான் படித்ததில்லை. பள்ளியில் மணிமேகலை என்றால் அமுதசுரபியோடு நிறுத்திவிட்டார்கள் என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

அனுமானத்தை எதைக் கொண்டு நம்புவது என்ற சண்டை வடமொழியில் பல நூறு வருஷம் நடந்தது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்கிறாய், உலகத்திலுள்ள எல்லாப் புகையையும் பார்த்தாயா என்று, காண்பதை மட்டும் ஏற்கும் உலகாயதர்கள் கேட்டார்கள். மிதிலையைச் சேர்ந்த தத்துவவாதி உதயணர், சுமார் 1,000 வருஷத்துக்கு முன், பதில் சொன்னார். நாளைக்கு எங்காவது நெருப்பில்லாத புகை இருக்குமோ என்று நீ சந்தேகப்படுகிறாயே, நாளை என்பதையும் எங்கோ என்பதையும் நீ பார்க்கவில்லை, அனுமானத்தால்தானே அறிகிறாய். சந்தேகமே அனுமானத்தின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. மேலும், உன் நடத்தையோடு முட்டும் இடம் வரைதான் சந்தேகம் போக முடியும். 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் என்ற தத்துவவாதி உதயணரின் சொற்களையே திருப்பிப் போட்டு இந்தப் பதிலைத் தாக்கினார், முட்டல் இருந்தால் அங்கேயும் சந்தேகம் இருக்கத்தானே செய்யும் என்று. அப்புறம் 14ஆம் நூற்றாண்டில் உதயணர் வழியில் வந்த கங்கேசர் விவகாரத்தை அடுப்படிக்கே கொண்டுவந்தார். உண்மையாகவே சந்தேகப்படுகிறவன் புகை வேண்டும்போது ஏன் நெருப்பைத் தேடுகிறான், பசித்தால் ஏன் சாப்பிட உட்காருகிறான், இன்னொருவருக்குப் புரிய வைக்க ஏன் பேசுகிறான்?

இந்த இடத்தில்தான் என் மாடி வாதம் உடைந்தது. அனுமானத்துக்குக் காவல் நின்ற உதயணர் கடவுளை நிறுவுவதற்கென்றே ஒரு நூல் எழுதியவர், பெரிய ஆத்திகர். ஆனால் அதே அனுமானத்தை அதே அளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்த பௌத்தர்களோ உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை ஏற்காதவர்கள். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை கற்பிக்கும்போது சொல்வதும் இந்த மலை நெருப்புடையது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல என்ற அதே பாடம்தான். அப்புறம் 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ நூலில் தன் கட்சியை நிறுவும் சுபக்கப் பகுதியை அளவையில்தான் தொடங்குகிறார். காண்டல், கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்க சொல்) என்று மூன்றில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டு, மண்ணிலிருந்து குடம் குயவனால் வருவதுபோல உலகம் ஈசனால் வருகிறது என்று போகிறார். அதற்கு முன்பே விக்ரமசீலத்துப் பௌத்தர் ரத்னகீர்த்தி அதே குயவன் வாதத்தை அதே அனுமான விதிகளை வைத்தே மறுத்திருந்தார், குடத்துக்குக் குயவன் இருப்பதைப் பார்த்தோம், மலைக்குச் செய்தவன் இருப்பதை எங்கே பார்த்தோம் என்று. ஒரே தராசில் இரண்டு கட்சியும் நிறுத்தார்கள். தராசே என்னுடையது, நீ அதைத் தொட்டதுமே தோற்றாய் என்று சொல்லி அவர்கள் பேச்சை முடித்துக்கொள்ளவில்லை. முடித்திருந்தால் நமக்கு இந்த நூல்கள் இருந்திருக்காது.

வாதத்தின் உள்ளே இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள நூல் எதுவும் வேண்டாம். தர்க்கம் கடவுளால் வந்தது என்கிறோம். அவர் நினைத்திருந்தால் அதை வேறு மாதிரி அமைத்திருக்க முடியுமா? முடியும் என்றால், முரண்படாமை விதி அவர் விருப்பம், அவர் இருக்கிறார் என்பதும் இல்லை என்பதும் ஒருசேர உண்மையாகும்படி கூட அவர் செய்திருக்கலாம், அதற்கு மேல் கடவுளைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் 1630ல் ஒரு கடிதத்தில் கிட்டத்தட்ட இந்தப் பக்கம் சாய்ந்தார். வட்டத்தின் ஆரங்கள் எல்லாம் சமம் என்பதைக்கூட உண்மையில்லாமல் ஆக்க இறைவனுக்குச் சுதந்திரம் இருந்தது என்று எழுதினார். முடியாது என்றால், அவருக்கும் முன்பாகவே தர்க்கம் நிற்கிறது, அவர் அதன் ஆதாரம் என்ற பேச்சு தளர்ந்துவிடுகிறது. தர்க்கம் இறைவனின் இயல்பே, அவர் தேர்ந்தெடுத்ததும் இல்லை, வெளியே இருப்பதும் இல்லை என்று மூன்றாவது வழி சொல்கிறவர்கள் உண்டு, பான்சன் தரப்பும் அங்கேதான் நிற்கிறது. அது கௌரவமான பதில். ஆனால் இயல்பு என்று சொன்ன பிறகு, அந்த இயல்பு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் அது அப்படித்தான் என்பதோடு நிற்க வேண்டியிருக்கிறது. நாத்திகரும் தர்க்கம் அப்படித்தான் என்றுதான் நிற்கிறார். ஒரு படி தள்ளி நிற்கிறோம், அவ்வளவு வித்தியாசம்தான்.

1968ல் பாரி ஸ்ட்ரவுட் என்ற தத்துவவாதி இந்த வகை வாதங்களைப் பற்றி ஒரு கட்டுரையில் சொன்னதும் இங்கே உதவும். ஒன்றை ஏற்காமல் நாம் சிந்திக்கவே முடியாது என்று நீங்கள் வெற்றிகரமாகக் காட்டினாலும், நாம் அதை நம்பித்தான் ஆக வேண்டும் என்பது வரைதான் வந்தீர்கள். அது உண்மை என்பதற்கு இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கிறது. கடவுளை ஏற்காமல் சிந்திக்க முடியாது என்பதைக் காட்டுவதே பெரிய பாடு, நம் கண்முன்னே லட்சக்கணக்கானோர் ஏற்காமல் கணக்குப் போடுகிறார்கள், வழக்காடுகிறார்கள். அவர்களுக்கே தெரியாமல் உள்ளுக்குள் ஏற்கிறார்கள் என்று சொன்னால், எதிராளியும் அதே மாதிரி உனக்கே தெரியாமல் நீ நாத்திகன் என்று சொல்லலாம், அங்கே இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் மிஞ்சாது.

நாத்திக நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தர்க்கம் வேலை செய்கிறது, அதனால் நம்புகிறோம் என்பது நீங்கள் நினைப்பது போல அத்தனை பாதுகாப்பான பதில் இல்லை. வேலை செய்கிறது, ஆகவே நம்பலாம் என்ற அந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது? ஆமை அதையும் நோட்டில் எழுதச் சொல்லும். பரிணாமம் நம் மூளையை இப்படி வளர்த்தது என்பதும் அப்படித்தான், அந்த உண்மையைக் கண்டுபிடித்ததே தர்க்கத்தை வைத்து. ஆத்திகர் வட்டமாகச் சுற்றுகிறார் என்று சிரித்துவிட்டு நீங்களும் ஒரு சுற்று வந்துவிடுகிறீர்கள்.

போன மாதம் தம்பிக்குப் போன் செய்தேன். இப்போது வேலையில் இருக்கிறான். அன்றைக்கு மாடியில் நான் சொன்னது தப்பு, அது நீ கேட்டதற்குப் பதிலே இல்லை, உன் வாயை அடைத்துவிட்டேன் என்று சொல்லி, இதையெல்லாம் ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஆமை கதையில் அவன் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டான். கடைசியில் கேட்டான், "சரிண்ணா, தர்க்கத்தை வச்சு இல்லைன்னா, நீங்க எதை வச்சுதான் நம்புறீங்க?" அதற்கு நான் வாதம் எதுவும் சொல்லவில்லை. ஆயா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மூன்று நாள் வெளி வராந்தாவில் உட்கார்ந்து தேவாரம் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னேன், அப்போது என்ன உணர்ந்தேன் என்பதையும் சொன்னேன். இது உனக்கு நிரூபணம் ஆகாது, எனக்குத் தெரியும் என்றேன். அவன் ஆமாம் ஆகாது என்றான், ஆனா சொல்லுங்க, அந்த மூணு நாளும் எந்தப் பாட்டு சொன்னீங்க என்று கேட்டான்.